ரேகை மணி

நேற்று வெற்றிலைத் தட்டோடு வந்த பக்கத்து வீட்டுப் பாண்டியம்மாள், போகிற போக்கில் ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டுப் போனாள் அல்லவா? அந்த ஒரு வார்த்தை சுகிர்தத்தை விடியும்வரை புரட்டிப் புரட்டி எடுத்துவிட்டது.

"நாளைக்குச் சாயந்தரம் மகனுக்குக் கல்யாணம் தாயி. ஒங்கப்பாகிட்டச் சொல்லி, அந்த ரேகை மணிய மட்டும் கொஞ்சம் பிந்தி அடிக்கச் சொல்லு. தாலி ஏறிரட்டும்."

ரேகை மணி! வேலங்குளத்து வேதக்கோயில் மணிக்கு ஊரில் அதுதான் பெயர். அந்தப் பெயர் தெரியாத ஒரே ஆள், அந்த மணியை அடிக்கிற அவளுடைய அப்பா.

உபதேசியார் மாசிலாமணி இந்த ஊருக்கு மாற்றலாகி வந்தது பங்குனியில். அதுவரை ஞாயிற்றுக்கிழமை மட்டும் அடித்த மணியை, தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் மாலை ஜெபத்துக்கென்று அடிக்க ஆரம்பித்தவர் அவர். அடித்த முதல் வாரமே அதிசயம் நடந்தது. மணிச் சத்தம் கேட்டதும் காப்பிக் கடையில் இருந்த ஆண்கள் எல்லாரும் எழுந்தார்கள். களத்தில் ஆடுபுலி ஆடிக்கொண்டிருந்தவர்கள் கல்லைப் போட்டுவிட்டு எழுந்தார்கள். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தலை குனிந்து, வேதக்கோயில் இருக்கிற தெரு வழியாகவே நடந்தார்கள்.

அப்பா கண்கலங்கிப் போனார். மதுரையில் நடந்த சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று இதைச் சொன்னார். கூட்டம் கைதட்டியது. சபைச் செயலாளர் தேவசித்தம் ஐயா, "நானே வந்து கண்ணால் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டார். அவர் பார்த்துத் திருப்தியாகத் திரும்பினால் அப்பாவுக்குக் குருப்பட்டம். உபதேசியாரைப் பாதிரியாராக்குகிற, வருஷக்கணக்காக ஒவ்வொரு முறையும் கைக்கு எட்டி நழுவிப்போகிற குருப்பட்டம்.

அவர் வருவது இன்றைக்கு.

அந்த ஆண்கள் எழுந்து எங்கே போகிறார்கள் என்று அப்பா ஒரு நாளும் பின்னால் போய்ப் பார்த்ததில்லை. அவரவர் வீட்டுக்குப் போய் ஜெபம் பண்ணுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, அவர் பாட்டுக்குக் கோயிலுக்குள் போய் முழங்கால் போட்டுவிடுவார். கோயிலைத் தாண்டிப் போலீஸ் சாவடி இருக்கிறது. பொழுது அடைந்தால் இந்த ஊர் ஆண்கள் அங்கே போய்ப் பெருவிரல் ரேகை வைத்துவிட்டு, அங்கேயே படுத்து எழுந்து வரவேண்டும். ஒரு சாதியில் பிறந்ததுதான் குற்றம். திருடினவனுக்குச் சட்டம் போடுவது எல்லா ஊரிலும் உண்டு. பிறந்தவனுக்கும் போட்டிருக்கிறார்கள், இந்த வெள்ளைக்காரப் புண்ணியவான்கள்.

ஞாயிறு காலை ஆராதனை முடிந்து, அப்பா கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டுவதற்குள் சுகிர்தம் ஆரம்பித்துவிட்டாள்.

"அப்பா, காலையில மணி அடிச்சீங்களே, காப்பிக் கடையில யாராவது எந்திரிச்சாங்களா?"

"இல்லையே. அவங்க வேலைக்குப் போற நேரம்."

"வேலைக்கா? பெஞ்சுல உக்காந்து காப்பியை ஆத்திக்கிட்டு இருந்தாங்க. நான் பாத்தேன். ஒருத்தர் மடக்கின காலை நீட்டக்கூட இல்லை. அதே மணி, அதே கயிறு, அதே கை. காலையில வராத பக்தி சாயந்தரம் மட்டும் எங்கேயிருந்துப்பா வருது?"

"சாயங்காலம் மனசு இளகுற நேரம் தாயி."

"இளகுறது மனசு இல்லை. கட்டைவிரல்."

பிறகு சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். சுற்றி வளைத்துப் பேசுவது அவளுக்கு வராது. பசுமலைப் பள்ளிக்கூடத்தில் சக வாத்தியாரம்மாக்கள் அவளைக் கண்டு ஒதுங்குவதே அதனால்தான். குடும்பத்தில் முதல் பி.ஏ. என்று அப்பா ஊரெல்லாம் பெருமை பேசுவார். வீட்டுக்குள் வந்தால், "அந்தப் பி.ஏ.யைக் கொஞ்சம் மெதுவாப் பேசச் சொல்லு" என்பார்.

அப்பா முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

"யாரோ சும்மா சொல்லியிருப்பாங்க. இரு, நானே கேட்டுட்டு வாரேன்."

கேட்கப் போனார். சுகிர்தம் பின்னாலேயே போனாள்.

பாண்டியம்மாள் வீட்டு வாசலில் பந்தல் நிமிர்ந்திருந்தது. கிடாயை உரித்துக் கட்டியிருந்தார்கள். அடுப்பு வெட்டிக்கொண்டிருந்த அவள் வீட்டுக்காரர் விருமாண்டி, மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"வாங்கய்யா, வாங்க! ஏலே, வேதக்கார ஐயா வந்திருக்காக, கட்டிலைத் தூக்கிப் போடுங்கடா!"

"உக்கார நேரமில்லை விருமாண்டி. ஒரு கேள்வி. சாயந்தரம் நம்ம மணி கேட்டதும் எல்லாரும் எந்திரிக்கிறீகளே, அது எதுக்கு?"

விருமாண்டி அவரை மேலும் கீழும் பார்த்தார். பரீட்சை வைக்கிறாரோ என்று நினைத்திருப்பார். "ரேகை வைக்கத்தான். ஏட்டையா சொல்லித்தான நீங்க அடிக்கிறீக?"

"ஏட்டையா என்கிட்ட ஒண்ணுமே சொல்லலையேப்பா! நான் ஜெபத்துக்கு அடிக்கிறேன்."

"செபத்துக்கா?"

"செபத்துக்குத்தான்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பாண்டியம்மாள் வாயில் கையை வைத்தாள்.

"யாத்தே! இம்புட்டு நாளும் ஒங்களுக்குப் போலீசுலேருந்து சம்பளம் வருதுன்னுல்ல நாங்க நினைச்சோம்!"

வெங்காயம் உரித்த பெண்கள் அத்தனை பேரும் கொல்லென்று சிரித்தார்கள். அப்பாவும் அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டார். விருமாண்டி மட்டும் சிரிக்கவில்லை. சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார்.

"தப்பா எடுத்துக்கிறாதீக ஐயா. முந்தி தலையாரிதான் தமுக்கு அடிப்பான். பாதி நாள் குடிச்சிட்டுப் படுத்திருவான். நாங்களும் பிள்ளைகளோட உக்காந்து ரெண்டு வாய் சோறுண்டுட்டு மெதுவாப் போவோம். ஒங்க மணி வந்தப்புறம் ஏட்டையா, 'இனிமே தமுக்கு வேணாம், வேதக்கோயில் மணிதான் கணக்கு'ன்னுட்டாரு. ஒங்க மணியும் ஒரு நாள் தப்புறதில்லையே."

ஒரு நாள் தப்புறதில்லை. காய்ச்சல் வந்தபோதுகூடக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு போய் அடித்தவர் அப்பா. அந்த ஒழுங்கைத்தான் மதுரைக் கூட்டத்தில் பாராட்டினார்கள்.

திரும்பி வரும்போது அவர் தலை குனிந்தே நடந்தார். சுகிர்தம் பேசவில்லை. அவள் பேசாமல் வந்தது அதுவே முதல் தடவையாக இருக்கும்.

வீட்டில் அம்மா ஞானப்பூ கோழிக் குழம்புக்கு மசாலா அரைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டு அம்மியில் இருந்து கையை எடுக்காமலே சொன்னாள்: "சரி. இன்னைக்கு மணி அடிக்கிறதைக் கொஞ்சம் பிந்திக்கிட்டாப் போச்சு. இதுக்கு ஏன் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு?"

"தேவசித்தம் ஐயா மணியைப் பாக்கத்தானடி வாரார்!"

"வரட்டும். கோழி அடிச்சிருக்கு. நல்லெண்ணெய் ஊத்தி நான் வைக்கிற குழம்பைத் தின்னுட்டு எந்த ஆம்பளையாவது சாயந்தரத்துக்குள்ள எந்திரிச்சிருக்கானா? தூங்க வச்சிருவோம்."

"அம்மா, ஏமாத்தக் கூடாது. மூஞ்சிக்கு நேரே சொல்லணும்."

"நீ மூஞ்சிக்கு நேரே சொல்லு. நான் குழம்பு வைக்கிறேன். எது வேலை செய்யுதுன்னு பாப்போம்."

இரண்டுமே வேலை செய்யவில்லை.

தேவசித்தம் ஐயா மதுரையில் ஆராதனை முடித்து, பஸ்ஸில் பரவையைத் தாண்டி இறங்கி, குடையும் தலைப்பாகையும் கறுப்புக் கோட்டுமாக வரப்பில் நடந்து வந்து சேர்ந்தார். தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். உட்காரச் சொன்னால்கூட, சொன்ன விதத்தில் பிழை இருக்கிறதா என்று யோசித்துவிட்டு உட்காருகிறவர். இலையில் கோழியைப் பார்த்ததும், "எனக்கு வயிற்றுப் புண். ரெண்டு கைச் சோறு, மோர் போதும்" என்று அம்மாவின் திட்டத்தை முதல் வாயிலேயே முடித்துவிட்டார்.

அம்மா சுகிர்தத்தைப் பார்த்தாள். உன் முறை என்று அர்த்தம்.

"ஐயா, இந்த ஊர் ஆண்கள் ஏன் மணிக்கு எந்திரிக்கிறாங்கன்னு தெரியுமா?"

சொன்னாள். அப்பா இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தேவசித்தம் மோரைக் கீழே வைத்தார்.

"இது உமக்குத் தெரியுமா உபதேசியாரே?"

"இன்னைக்குக் காலையிலதான் தெரிஞ்சுதுங்க."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு வகுப்பெடுக்கிற குரலில் தொடங்கினார். "வருத்தமான காரியம். ஆனால் இது சர்க்கார் காரியம். சபை ஆத்துமாக்களைப் பார்க்கணும். சட்டம், தேர்தல், போலீஸ் இதிலெல்லாம் சபை தலையிட்டால் சபை சபையாக இருக்காது. கட்சி ஆயிரும்."

"அப்ப சக்கரவர்த்தி வெள்ளிவிழாவுக்கு எல்லாக் கோயில்லயும் மணி அடிக்கச் சொல்லிச் சுற்றறிக்கை போட்டீங்களே, அது ஆத்துமா காரியமா?"

"அது மரியாதை."

"போன நகரசபைத் தேர்தல்ல, ஆராதனை முடிஞ்சு வாசல்ல நின்னு, 'நம்ம ஆளுக்குப் போடுங்க'ன்னு ஒவ்வொருத்தர் கையையும் பிடிச்சுச் சொன்னீங்களாமே? அது?"

"சுகிர்தம்!" என்றார் அப்பா.

"அது..." தேவசித்தம் தலைப்பாகையைச் சரிசெய்தார். "அவர் ஞானஸ்நானம் பெற்றவர்."

"ஓகோ. ராஜாவுக்கும் நம்ம ஆளுக்கும்னா சபை தலையிடலாம். பக்கத்து வீட்டுக்காரனுக்குன்னா கூடாது."

அம்மா மோர்ப்பானையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து நடுவில் நின்றாள். "இன்னும் கொஞ்சம் மோர் ஊத்தவா ஐயா?"

ஆனால் தேவசித்தம் கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் சுகிர்தத்துக்கு எரிச்சலாக இருந்தது. பொறுமையாகவே சொன்னார்: "மகளே, உனக்கு ரோஷம் இருக்கு. நல்லது. இந்த ஊர்ல நம்ம பள்ளிக்கூடம் எதில் நடக்குது தெரியுமா? சர்க்கார் மானியத்தில். நாளைக்கு ஏட்டு ஒரு வார்த்தை மேலே எழுதினால் மானியம் நின்னுபோகும். இதே ஊர்ப் பிள்ளைங்கதான் ஆடு மேய்க்கப் போகும். கோபப்படறது ஈஸி. பள்ளிக்கூடத்தை மூடின பிறகு அந்தப் பிள்ளைங்க கிட்ட யார் பதில் சொல்றது? நீயா?"

உண்மையைச் சொல்வதற்கென்ன, அந்தக் கேள்வி சுகிர்தத்தைக் கொஞ்சம் குத்தவே செய்தது. அந்தப் பள்ளிக்கூடம் மாதிரி ஒன்றில் படித்துத்தான் அவளே பி.ஏ. ஆனாள்.

பொழுது சாய்ந்தது. பாண்டியம்மாள் வீட்டுப் பந்தலில் ஆட்கள் நிறைந்துவிட்டார்கள். பெண்ணை இன்னும் காணோம். பெண் வீட்டு ஆண்கள் ஊரைவிட்டு ஊர் வருவதற்குப் போலீசில் சீட்டு வாங்க வேண்டும். சீட்டு எழுதிக் கொடுக்கிறவர் மத்தியானம் தூங்கிவிட்டாராம். இந்தச் சேதியைப் பாண்டியம்மாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னாள்.

"இன்னும் கொஞ்ச நேரந்தான் தாயி. வண்டி கண்மாய்க் கரையில வந்துருச்சு. மணிய மட்டும்..."

கோயில் முற்றத்தில் இரண்டு கல்தூணுக்கு நடுவே மணி தொங்கியது. தேவசித்தம் குடையை ஊன்றிக்கொண்டு அதன் கீழே நின்றார்.

"நேரமாச்சே உபதேசியாரே. அடியும்."

அப்பா கைகளைக் கட்டிக்கொண்டார். பெரியவர்கள் முன்னால் எப்போதும் அப்படித்தான் நிற்பார். சுகிர்தத்துக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

"இன்னைக்கு நான் மணி அடிக்கிறதா இல்லைங்கய்யா."

குரல் சின்னதுதான். ஆனால் வார்த்தை தெளிவாக வந்து விழுந்தது.

"குருப்பட்டத்துக்கு உம்மை நான் சிபாரிசு செய்யணுமா வேண்டாமா?"

"செய்யணும்னு ஆசைதாங்க. பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் அடிக்கலை."

"போலீஸ்காரன் நம்ம மணியை எதுக்கோ பயன்படுத்திக்கிட்டா அது அவன் பாவம். அதுக்காக நாம ஜெபத்தை நிறுத்துவோமா? மனுஷனுக்குப் பயந்து ஒரு நாள் மணியை நிறுத்தினா, அப்புறம் அது தினமும் மனுஷனைப் பார்த்துத்தான் அடிக்கும்."

சொல்லிவிட்டுக் கோட்டுக் கையை மேலே ஏற்றி, கயிற்றைப் பிடித்துத் தாமே இழுத்துவிட்டார்.

டாண்.

அந்த நேரம் பார்த்துத்தான் பெண் வந்த வண்டி தெருமுனையில் திரும்பியது. குலவை கிளம்பி, பாதியில் நின்றது.

டாண். டாண்.

பந்தலில் ஆண்கள் எழுந்தார்கள். பாக்கு வெட்டிக்கொண்டிருந்தவர் பாக்குவெட்டியைக் கீழே வைத்தார். ஊர் எழுந்ததைப் பார்த்து வண்டியிலிருந்து பெண் வீட்டு ஆண்களும் இறங்கி, பெண்ணை வண்டியிலேயே விட்டுவிட்டு, மடியில் சீட்டைத் தடவிக்கொண்டு நடந்தார்கள். மணையில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை சோணை எழுந்தான். மாலையைக் கழற்றலாமா வேண்டாமா என்று ஒரு நொடி யோசித்துவிட்டு, மாலையோடேயே நடந்தான். தெருவில் ஒரு பேச்சுச் சத்தம் இல்லை. செருப்பில்லாத கால்கள் புழுதியில் போகிற சத்தம்தான் கேட்டது.

தேவசித்தம் ஐயா வாசல் படியில் நின்று பார்த்தார். மதுரையில் கைதட்டின அதிசயம் அவர் முன்னால் வரிசையாக வந்துகொண்டிருந்தது.

முன்னால் வந்தவர் பெண்ணின் தாய்மாமன் கருத்தக்கண்ணன். வெளியூர்க்காரர். சாவடி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. மணி அடித்த இடத்தில், கறுப்புக் கோட்டும் தலைப்பாகையுமாக ஒரு பெரிய மனிதர் நிற்பதைப் பார்த்தார். நேராக வந்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, இடது கைக் கட்டைவிரலை அவர் முன்னால் நீட்டினார்.

"கும்புடுறேன் சாமி. வெளியூரு. சீட்டு இருக்கு. ரேகை இங்கயா வைக்கணும்?"

அவர் நின்றதும் பின்னால் வந்தவர்களும் நின்றுவிட்டார்கள். படிக்கு முன்னால் வரிசை வளர்ந்தது.

"நான்... நான் போலீசு இல்லப்பா."

கருத்தக்கண்ணனுக்குக் குழப்பமாகிவிட்டது. விரலை மடக்கவும் இல்லை, இறக்கவும் இல்லை.

"மணி அடிச்சது நீங்கதான சாமி?"

தேவசித்தம் அந்த விரலையே பார்த்தார். வருஷக்கணக்கில் மை ஊறி, கழுவினாலும் போகாமல் கோடு கோடாய்க் கறுத்துப்போன விரல். வரிசையில் நாலாவது ஆளாக மாப்பிள்ளை, கழுத்தில் மாலையோடு, தன் முறைக்குக் காத்து நின்றான். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் பிழை கண்டுபிடிக்கும் மனிதர். இன்றைக்குக் கண்டுபிடித்த பிழை யாருடையது என்று அவர் முகத்திலேயே தெரிந்தது.

சுகிர்தத்துக்கு நாக்கு துறுதுறுத்தது. நல்ல வேளை, அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இப்ப நீ ஒண்ணும் சொல்லாத. அந்த விரலே சொல்லிருச்சு."

அதற்குள் அப்பா படியிறங்கிவிட்டார்.

"எல்லாரும் இங்கேயே இருங்கப்பா. நான் சாவடிக்குப் போயிட்டு வாரேன்."

போனவரால் தனியாகப் போக முடியவில்லை. வரிசை முழுக்கப் பின்னாலேயே போனது. வரிசைக்குப் பின்னால் பெண்கள். பெண்களுக்குப் பின்னால் கல்யாண மேளக்காரர்கள். அடிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் மேளத்தை அணைத்துக்கொண்டு வந்தார்கள்.

ஏட்டு முத்திருளன் சாவடி வாசலில் நாற்காலி போட்டு, மைத்தட்டைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார். கெட்ட மனிதர் இல்லை. வேலை சுளுவாக முடிந்தால் போதும் என்கிற மனிதர். கெட்டவர்களைவிட இந்த மாதிரி ஆட்களால்தான் உலகத்தில் பாதிக் கேடு நடக்கிறது.

"என்ன ஐயா, நீங்களே கூட்டிட்டு வந்துட்டீங்க? ரொம்ப நல்லதாப் போச்சு!"

"ஏட்டையா, அந்த மணி சபையோட மணி. இனிமே அதைக் கணக்கு வச்சு யாரையும் கூப்பிடாதீங்க. ஒங்களுக்கு வேணும்னா தமுக்கு அடிச்சுக்கோங்க."

"அதுக்கென்ன, அடிச்சாப் போச்சு. இப்ப ரேகை வைக்கச் சொல்லுங்க."

"இன்னைக்கு இவங்களை விட்ருங்க. கல்யாணம். நான் பொறுப்பு."

ஏட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "பொறுப்புன்னா வாய்ப் பேச்சு இல்லை ஐயா. பெரிய மனுஷர் ரெண்டு பேர் ஜாமீன் நின்னா ஒரு ராத்திரி விடலாம்னு எனக்கு அதிகாரம் இருக்கு. ஆனா விடியறதுக்குள்ள எங்கேயாவது ஒரு கோழி காணாமப் போனாலும் ஒங்க வீட்டுக்குத்தான் வருவேன்."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. விருமாண்டி முன்னால் வந்தார். "ரெண்டு பேர் நின்னா விடலாமா? இத்தனை வருசமா இதை ஏன் ஏட்டையா சொல்லலை?"

"யாரும் கேக்கலையேப்பா. இந்த ஊருக்கு ஜாமீன் நிக்க எந்தப் பெரிய மனுஷன் வந்தான்?"

அப்பா மேசையருகே போனார். ஏட்டு பேனாவை நீட்டினார். அப்பா அதை வாங்கவில்லை. கட்டைவிரலை மைத்தட்டில் வைத்தார்.

"ஐயா, ஒங்களுக்குத்தான் எழுதத் தெரியுமே!"

"சோணைக்கும் தெரியும். நம்ம பள்ளிக்கூடத்துல படிச்சவன், முத்து முத்தா எழுதுவான். அவன்கிட்ட நீங்க ரேகைதானே கேட்டீங்க? எனக்கும் அதே இருக்கட்டும்."

சுகிர்தம் அப்பாவைப் பார்த்தாள். கையைக் கட்டிக்கொண்டு குனிந்து நிற்கிற அதே அப்பாதான். குரல்கூட உயரவில்லை. இத்தனை வருஷம் அவள் கத்தின கத்தலில் ஒரு ஏட்டுகூட நிமிர்ந்து உட்கார்ந்ததில்லை.

"சரி. இன்னொருத்தர்?"

"நான் நிக்கிறேன்" என்று சுகிர்தம் பாய்ந்தாள்.

"பொம்பளைப் பிள்ளை செல்லாதும்மா."

"நான் பி.ஏ. படிச்சிருக்கேன்!"

"பி.ஏ. படிச்ச ஆம்பளையா இருந்தாச் செல்லும்."

"நீங்க என்ன படிச்சிருக்கீங்க ஏட்டையா?"

"அஞ்சாங் கிளாஸ். ஆனா ஆம்பளை" என்றார் ஏட்டு, கொஞ்சமும் வெட்கமில்லாமல். கூட்டத்தில் பெண்கள் சிரித்துவிட்டார்கள். சுகிர்தத்துக்குக் காது சிவந்தது. இந்தக் கணக்கை அவள் இன்னொரு நாள் தீர்க்காமல் விடப்போவதில்லை.

கூட்டம் ஓரமாகப் பிளந்தது. கறுப்புக் கோட்டு உள்ளே வந்தது.

"எழுதிக்கொள்ளும்" என்றார் தேவசித்தம் ஐயா. "தேவசித்தம். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். மதுரை." கோட்டுக் கையை ஏற்றிவிட்டு, மைத்தட்டைப் பார்த்துத் தயங்கினார். "எந்த விரல்?"

"எடது கைக் கட்டைவெரலு!" என்று ஊரே ஒரே குரலில் சொல்லிக்கொடுத்தது. பள்ளிக்கூடத்தில்கூட அவருக்கு யாரும் இவ்வளவு சத்தமாகப் பாடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவர் வைத்தார். அழுத்தி வைத்ததில் முதல் ரேகை அப்பிக்கொண்டது. கருத்தக்கண்ணன் எட்டிப் பார்த்து, "அழுத்தாதீக சாமி. லேசா உருட்டணும்" என்று கூசிக் கூசிச் சொன்னார். இரண்டாவது ரேகை சுத்தமாக விழுந்தது.

மேளக்காரர்கள் அதற்குமேல் பொறுக்கவில்லை. சாவடி வாசலிலேயே அடித்துவிட்டார்கள்.

பிறகு நடந்தது கல்யாணம். பெண் முத்துத்தாயை வண்டியிலிருந்து இறக்கியபோது விட்ட இடத்திலிருந்து குலவை மறுபடி கிளம்பியது. தாலி ஏறியது. விளக்கு வைத்த பிறகு இந்த ஊரில் ஒரு பந்தலில் ஆண்கள் உட்கார்ந்திருப்பதை இத்தனை வருஷத்தில் யாரும் பார்த்ததில்லை. ஒரு கிழவர் சாப்பிட்டுக்கொண்டே அடிக்கடி சாவடிப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பழக்கதோஷம். அவர் மருமகள், "சும்மா தின்னுங்க மாமா, இன்னைக்கு ஒங்களுக்கு ரெண்டு பெரிய மனுசக ஜாமீன்" என்று இன்னொரு அகப்பை கறியைப் போட்டாள்.

தேவசித்தம் ஐயா இலையில் கிடாய்க்கறி இருந்தது. வயிற்றுப் புண் என்ன ஆயிற்று என்று அம்மா கேட்கவில்லை. ஆனால் அந்த இலையைக் கொஞ்சம் பொறாமையோடுதான் பார்த்தாள்.

"உபதேசியாரே" என்றார் அவர், எலும்பைக் கடித்துக்கொண்டே. "குருப்பட்டம் விஷயம்..."

"ஒங்க இஷ்டங்கய்யா."

"நான் சிபாரிசு செய்வேன். ஆனா சபைக் கூட்டத்தில் என்னையும் சேர்த்தே கிழிப்பாங்க. அதுக்குத் தயாரா இரும்."

அப்போதுதான் ஒரு பையன் ஓடிவந்து விருமாண்டியின் காதில் ஏதோ சொன்னான். விருமாண்டி அப்பாவிடம் வந்து குனிந்தார். ஏட்டு முத்திருளன் சைக்கிளை எடுத்துக்கொண்டு காளவாசல் பக்கம் போய்விட்டாராம். இன்ஸ்பெக்டரிடம் சொல்ல. ஜாமீன் கொடுத்தது சரிதான், ஆனால் மணியைப் பற்றிப் பேசினார்களே, அது சர்க்காருக்கு எதிர்ப்பேச்சு இல்லையா என்று கேட்டு வரவாம். நாளைக்கு உச்சிப்பொழுதுக்குள் இன்ஸ்பெக்டர் ஊருக்குள் வந்துவிடுவார்.

அப்பாவின் கட்டைவிரலில் மை இன்னும் காயவில்லை. சோற்றைப் பிசையும் கையாக இல்லாததால் தப்பியது.

சோணைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முத்துத்தாய் தலையை நிமிர்த்தினாள். புதுப்பெண் இத்தனை பேர் முன்னால் பேசுவது வழக்கமில்லை. பேசினாள்.

"இன்னைக்கு விட்டீக. நாளைக்குப் பொழுது அடைஞ்சா? நாளைக்கும் யாராச்சும் ஜாமீன் நிப்பீகளா?"

சுகிர்தம் தேவசித்தத்தைப் பார்த்தாள். மத்தியானம் அவளைக் குத்தின கேள்வியைப் போலவேதான் இதுவும் இருந்தது. ஒரு நாள் நிற்பது தயவு. தினமும் நிற்பதற்குப் பெயர் தலையிடுவது. அதைத்தான் இந்த மனிதர் மத்தியானம் முழுக்க வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் மெதுவாகத் தண்ணீர் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார்.

"நான் எங்கேம்மா போறது? கடைசி பஸ்தான் போயிருச்சே. நாளைக்கும் இங்கேதான் இருக்கணும்" என்றார்.

சொல்லி வாய் மூடவில்லை. திண்டுக்கல் ரோட்டிலிருந்து கடைசி பஸ்ஸின் ஹாரன் நீளமாகக் கேட்டது. பரவைக்குள் நுழையும்போது அப்படித்தான் அடிப்பார்கள். பந்தலில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது.

தேவசித்தம் ஐயா இலையைக் காட்டி, "ரசம் இருக்கா?" என்றார்.